நாலு தவு இடைவெளி

மார்ச் 28, செவ்வாய்

கேஸ் புக் செய்தேன். முதல் தடவை நம்பர் தப்பாகப் போய் யாரோ ஒருவர் எடுத்து, "காய்கறி மண்டிங்க" என்றார். இந்த ஃபோனில் எழுத்தெல்லாம் எறும்பு சைஸ். ஆயில் கம்பெனிக்காரர் கொடுத்த இந்த டைரியும் அப்படித்தான், தேதியைக் கண்டுபிடிக்கவே ஜன்னலோரம் போக வேண்டியிருக்கிறது.

மத்தியானம் ராஜுலு சாருடைய கார் லாரியில் வந்து இறங்கியது. 1958 மாடல், இங்கிலீஷ் ரேஸ் கார். ஒரே ஒரு சீட்டு, கூரை கிடையாது, பச்சை நிறத்தில் சுருட்டு மாதிரி நீளமாக இருந்தது. அவருடைய அப்பா ஓட்டிய கார். முப்பது வருஷமாக மில் குடோனில் கிடந்ததை இப்போது தூசி தட்டியிருக்கிறார். மே 7ஆம் தேதி செட்டிபாளையம் ட்ராக்கில் பழைய கார்களுக்கு ஒரு ரேஸ் இருக்கிறது. அதற்குள் எஞ்சின் உயிரோடு வர வேண்டும்.

ராஜுலு சார் இருபது வருஷமாக எங்கள் ஷெட்டுக்குத்தான் வருகிறார். எங்கள் கணபதி ஏரியாவில் எத்தனை எஞ்சின் ஷெட் இருந்தாலும், "நாச்சிமுத்து பிரிச்சு வசந்தாமணி அளந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்பார். நாச்சிமுத்து என் வீட்டுக்காரர். வசந்தாமணி நான். இருபத்திரண்டு வருஷமாக இந்த ஷெட்டில் அவர் தேய்ப்பார், நான் அளப்பேன். ஆயிரத்தில் ஒரு பங்கு இஞ்சுக்கு எங்கள் தொழிலில் தவு என்று பெயர். அவர் கை கனம். மைக்ரோமீட்டரைப் பிடித்தால் திருகி அரைத் தவு முழுங்கிவிடும். என் கை அப்படி இல்லை. நான் சொல்லும் நம்பரை அவர் ஒரு நாளும் இரண்டாம் தடவை பார்த்ததில்லை.

சாரோடு அவருடைய அக்கா மகள் வந்திருந்தது. தாரிணி என்று பெயர். இங்கிலாந்தில் பழைய ரேஸ் எஞ்சின்கள் செய்யும் இடத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்ததாம். முப்பத்துச் சொச்சம் இருக்கும். வந்ததும் இவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "நாச்சி, உங்களப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன்" என்றது.

நாச்சி. என் மாமியார்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

மார்ச் 29, புதன்

எஞ்சினைப் பிரித்தோம். நாலு பிஸ்டனில் ஒன்றின் தலையில் விரிசல். மற்ற மூன்றும் நல்ல தேய்மானம். பிஸ்டன் ஓடும் சிலிண்டர்கள் இதில் தனித்தனிக் குழாய்களாகக் கழன்று வரும். அதற்கு ஸ்லீவ் என்பார்கள். நாலிலும் கோடு விழுந்திருந்தது. எல்லாமே புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான்.

முதல் பிஸ்டனை அளந்து மூன்று தவு தேய்ந்திருக்கிறது என்றேன். அந்தப் பெண் தன்னுடைய கருவியை எடுத்து வைத்துப் பார்த்து, "எட்டு இருக்கே அக்கா" என்றது. மூன்றுக்கும் எட்டுக்கும் எவ்வளவு தூரம்! இங்கிலாந்தில் என்ன சொல்லிக் கொடுத்தார்களோ. இவர் நடுவில் புகுந்து, தூக்கிப் போடப்போகிற பிஸ்டனுக்கு என்ன பஞ்சாயத்து என்று முடித்துவிட்டார். அந்தப் பிஸ்டனை நான் எடுத்து வந்து சமையலறை ஜன்னலில் பேனா போட வைத்துக்கொண்டேன்.

ஷெட்டில் பல்பை மாற்றச் சொல்லி எத்தனை நாளாகச் சொல்கிறேன். வெளிச்சமே இல்லை.

மார்ச் 31, வெள்ளி

மழை வரும்போல இருந்தது. வரவில்லை. அந்தப் பெண் வந்தது.

ஏப்ரல் 3, திங்கள்

மேசையில் இரண்டு செட் பிஸ்டன். ஒன்று நம் ஊரிலேயே வார்த்தது, என் கட்சி. அதிகம் சூடேறினாலும் அதிகம் ஊதிப் பெரிதாகாது, சத்தம் போடாது, நம்பி விடலாம். இன்னொன்று அந்தப் பெண் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தது. அழுத்தி அடித்துச் செய்த அலுமினியம், எடை குறைவு, எவ்வளவு விரட்டினாலும் உடையாது. ஆனால் சூட்டில் நன்றாக ஊதும், அதனால் ஸ்லீவுக்கும் அதற்கும் நடுவில் நாலு தவு இடைவெளி விட வேண்டும்.

இவர் இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்து உள்ளே பார்த்தார். மோந்துகூடப் பார்த்திருப்பார். கடைசியில் இங்கிலாந்து பிஸ்டனைக் கீழே வைக்காமலே, "ரேஸுக்கு இதுதான் வசந்தா" என்றார்.

ரேஸுக்கு அதுதான். எனக்கும் தெரியும். ஆனாலும் அதை அவர் என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டாம்.

ஏப்ரல் 5, புதன்

ஃபவுண்டரியிலிருந்து ஏழு ஸ்லீவ் வந்தது. அதில் நாலைப் பொறுக்க வேண்டும். நான் ஒவ்வொன்றையும் கயிற்றில் தொங்கவிட்டுத் திருப்புளியால் தட்டினேன். நல்ல வார்ப்பு கோயில் மணி மாதிரி இழுத்து நிற்கும், உள்ளே கோளாறு இருந்தால் சத்தம் உடனே செத்துப்போகும். ஒன்று, மூன்று, நாலு, ஏழு என்றேன். அந்தப் பெண் ஏதோ ஒரு பெட்டியை வைத்து அரை மணி நேரம் சோதித்தது. ஒன்று, மூன்று, நாலு, ஏழு என்றது.

"அக்கா, செம" என்று என் தோளைத் தட்டியது. வேறு நாலைச் சொல்லியிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 8, சனி

இவர் இன்று தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். மற்றதெல்லாம் அழுக்காம். கிரீஸ் கறைக்கு ஏற்கெனவே இருக்கிற சட்டைகள் போதாதா? தாடியும் வழித்திருந்தார். இரண்டு நாளாக எதற்கெடுத்தாலும் "தேங்க்ஸ்". சோறு போட்டால் தேங்க்ஸ், தண்ணி கொடுத்தால் தேங்க்ஸ்.

எனக்கு ஒன்றும் பொறாமை இல்லை. அவருக்கு ஐம்பத்து நாலு வயசு, முட்டி வலி. யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்.

ஏப்ரல் 11, செவ்வாய்

காலையில் காபி கொடுக்கும்போது சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல், டம்ளரைப் பார்த்துச் சொன்னார்.

"இந்த எஞ்சினுக்கு அளவெல்லாம் அந்தப் புள்ளயே எடுத்துக்கட்டும் வசந்தா. மெசின் வெச்சிருக்குது. உனக்கும் கொஞ்ச நாளைக்கு ஓய்வு."

நான் ஓய்வு கேட்டேனா?

சரியென்றேன். வேறென்ன சொல்வது. மைக்ரோமீட்டரைத் துடைத்து மரப்பெட்டியில் வைத்து, பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். கல்யாணமான முதல் தீபாவளிக்குக் கொலுசு வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டு இவர் வாங்கி வந்தது அது, ஜப்பான் சரக்கு. அன்றைக்கு அழுதேன். பிறகு ஊரில் எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத நகை என்று நினைத்துக்கொண்டேன். சாகும்வரை இந்த ஷெட்டில் அளவு என்றால் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

எரிகிறது. எழுதிவிட்டேன். இவர் வேறு பெண்ணோடு சினிமாவுக்குப் போயிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. அவள் சொல்கிற நம்பரைக் கேட்டு ஸ்லீவைக் கல்லால் தேய்க்கப்போகிறாராம்.

சூலூர் டிராக்டர் எஞ்சின் திரும்பி வந்தது வேறு நினைவுக்கு வருகிறது. ஜனவரியில் நாங்கள் செய்து கொடுத்தது, ஒரு மாதத்தில் சத்தம் கேட்கிறது என்று கொண்டு வந்தார்கள். ஆயில் மாற்றாமல் ஓட்டிவிட்டார்கள் என்று இவர்தான் சொன்னார். நான் பார்ப்பதற்குள் பிரித்து, சரி செய்து அனுப்பியும் விட்டார்.

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரைக் கனி. மாம்பழம், கண்ணாடி, வெள்ளிக் காசு எல்லாம் வைத்துக் கும்பிட்டோம். பருப்பு போளி இருபது சுட்டு, தூக்குப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டு ராஜுலு சார் வீட்டுக்கு நான் மட்டும் போனேன். வருஷா வருஷம் கொடுப்பதுதான். வேவு பார்க்கப் போகவில்லை.

ரேஸ்கோர்ஸ் ஏரியாவில் பங்களா. அந்தப் பெண் தன் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனது. ஏசி போட்டு மார்கழி மாதமாக வைத்திருக்கிறது, நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து நாலு பிஸ்டனும் இருந்தன. இதுதான் என்று முடிவான நாளிலிருந்து அங்கேதான் இருக்கின்றனவாம். பங்களா தூசி இல்லாத இடம், ஷெட்டில் வேண்டாம் என்று இவரே சொன்னாராம். ஒவ்வொன்றின் தலையிலும் நீலப் பேனாவால் அளவு எழுதியிருந்தது. அந்தப் பெண் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தது. ஐஸ்காரன் பெட்டிக்குள் கைவிட்ட மாதிரி இருந்தது.

"எப்படி இருக்கு அக்கா?"

நல்லா இருக்கு என்றேன்.

போளி பிரமாதம் என்று இரண்டு சாப்பிட்டது. "நாச்சி சொன்னார், உங்க கை மாதிரி வராதுன்னு" என்றது. போளியைச் சொன்னாரா, வேறெதையாவது சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 15, சனி

அலுமினியம் சூட்டில் ஊதும். இரும்பு அதில் பாதிதான் ஊதும். அதனால் பிஸ்டனும் ஸ்லீவும் ஒரு ராத்திரி முழுக்க ஒரே மேசையில் ஒன்றாகக் கிடக்க வேண்டும். காலையில் தகரக் கூரையில் வெயில் ஏறுவதற்குள் இரண்டையும் ஒரே கை அளக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இதை நான் தவறவிட்டதில்லை. இவர் அதை என் சடங்கு என்று கிண்டல் செய்வார். "பொண்ணு மாப்பிள்ளையத் தூங்க வெச்சாச்சா?" என்பார். ஏன் என்று அவர் யோசித்ததில்லை. அளவு என் வேலை, அவர் அதற்குள் தலையிட்டதில்லை.

இங்கிலாந்தில் ஷெட்டும் வீடும் ஒரே குளிராக இருக்கும்போல. அந்தப் பெண்ணுக்கும் தோன்றவில்லை.

ஏப்ரல் 18, செவ்வாய்

மத்தியானம் இரண்டு மணிக்கு ஸ்லீவுகளை ஹோனிங் செய்தார்கள், அதாவது உள்பக்கத்தைக் கல்லால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது. ஷெட்டில் நிற்க முடியவில்லை, காலண்டர் பக்கத்தில் தொங்கும் வெப்பமானி முப்பத்தெட்டு காட்டியது. பிஸ்டன்கள் பங்களாவிலேயே இருந்தன. அவற்றின் அளவு மட்டும் ஒரு சீட்டில் வந்திருந்தது. இவர் கல்லைச் சுழற்றித் தேய்க்க, அந்தப் பெண் கருவியை உள்ளே விட்டுப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் நாச்சி... இன்னும் துளி... போதும்" என்றது. இவர் குழந்தை மாதிரிக் கேட்டுக்கொண்டார். இரண்டு பேர் நெற்றியிலும் வேர்வை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். நான் எலுமிச்சை ஜூஸ் கொண்டு போய் வைத்துவிட்டு நின்றேன். ஒருவரும் திரும்பவில்லை.

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். வாயில் வந்தது. அப்போது இவர் அந்தப் பெண்ணிடம், "இவ்வளவு சுத்தமா ஒரு அளவு நான் பாத்ததே இல்லைங்க" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். குளிரில் அளந்த பிஸ்டன் சின்னதாகக் காட்டியிருக்கும். சூட்டில் ஸ்லீவ் பெருத்திருக்கும். இரண்டையும் நம்பி நாலு தவு விட்டால் உண்மையில் மூன்றுகூட இருக்காது. எஞ்சினை விரட்டினால் பிஸ்டன் ஊதி ஸ்லீவைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

பிடிக்கட்டும். ஷெட்டில் ஸ்டார்ட் செய்து பார்க்கும்போதே பிடிக்கும். யாருக்கும் அடிபடாது. அப்போது வசந்தாவைக் கூப்பிடுவார்கள்.

ஏப்ரல் 20, வியாழன்

பிஸ்டன்கள் வந்தன. எஞ்சினைக் கோத்தார்கள். இவர் கையால் சுற்றிப் பார்த்து, "கொஞ்சம் டைட்டா இருக்குதே" என்று பொதுவாகச் சொன்னார். எப்போதும் என்னைப் பார்த்துச் சொல்வார். பிஸ்டனைச் சுற்றிப் புது ரிங்குகள், அப்படித்தான் இருக்கும் என்றது அந்தப் பெண். நான் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 22, சனி

ஸ்டார்ட் செய்தார்கள். இருபது நிமிஷம் ஓடியது. தேன் மாதிரி ஓடியது, சனியன். பாரம் இல்லாமல் நின்ற இடத்தில் ஓடினால் அவ்வளவு சூடு ஏறாது என்பதை நான் நினைக்கவில்லை. ராஜுலு சார் ஸ்வீட் வாங்கி வந்தார். எனக்கு ஒரு பெட்டி தனியாக.

ஏப்ரல் 25, செவ்வாய்

முப்பதாம் தேதி ட்ராக்கில் முதல் ஓட்டம். ராஜுலு சார் ஓட்டுவார் என்று நினைத்திருந்தேன். அவர் இந்த வயசில் ஓட்டினாலும் மாட்டு வண்டி வேகம்தான் போவார், அதிகபட்சம் எஞ்சின் நிற்கும், தலை தொங்கும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

அவர் இல்லையாம். அந்தப் பெண்தான் ஓட்டுகிறது. ரேஸும் அதுதான். ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் பேச்சாம். எல்லோருக்கும் தெரியும், என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

சாப்பிடும்போது இவரிடம், வேகமாகப் போகும்போது பிஸ்டன் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். பின்சக்கரம் பூட்டின மாதிரி நின்றுவிடும், வண்டி பம்பரம்தான், கூரை வேறு இல்லை என்றார். அப்புறம் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு ஏன் கேட்கிறாய் என்றார்.

சும்மா என்றேன்.

ஏப்ரல் 26, புதன்

சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். இவர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

ஏப்ரல் 27, வியாழன்

சாயங்காலம் தாரிணி சீட்டில் உட்கார்ந்து பெல்ட் சரிபார்த்தாள். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு. பின்னாலிருந்து ஒருவர் இழுத்துவிட வேண்டும். இவர் வெளியே போயிருந்தார். "அக்கா, கொஞ்சம் இழுங்க" என்றாள். இழுத்தேன். இன்னும் டைட்டாக என்றாள். இன்னும் இழுத்தேன். என் விரலுக்கடியில் அவள் தோள் எலும்பு பட்டது. கோழிக்குஞ்சு மாதிரி இருந்தாள். கழுத்தில் வேர்க்குரு போட்டிருந்தது. இந்த ஊர் வெயில் இன்னும் பழகவில்லை.

"வேகமாப் போறப்ப பயமா இருக்காதா?" என்று கேட்டேன்.

"எஞ்சின் கட்டினவங்கள நம்பினா பயமில்ல அக்கா."

இருமல் வந்த மாதிரி நடித்து உள்ளே போய்விட்டேன்.

ஏப்ரல் 28, வெள்ளி

காலையில் இவர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே சொன்னேன். குளிரில் அளந்தது, வெயிலில் அளந்தது, எவ்வளவு குறையும், எங்கே பிடிக்கும், எல்லாம். இவருக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது. டம்ளரை மெல்லக் கீழே வைத்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. நேற்றுத்தான் தோன்றியது என்று சொன்னால் நம்புவார். என் அளவை எப்போதும் நம்புகிறவர்தானே.

"பதினாலாந்தேதி" என்றேன்.

இவர் திரும்பிக் காலண்டரைப் பார்த்தார். உதடு அசைந்தது. எண்ணினார். எண்ணி முடித்தபோது என்னைப் பார்த்தார், கத்துவார் என்று நினைத்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டார். டீயில் ஆடை படிந்து கிடந்தது.

பத்து மணிக்குத் தாரிணி ஓடி வந்தாள். அதற்குள் எஞ்சினைக் கழற்றி வைத்திருந்தார். இரண்டாம் பிஸ்டனின் பக்கவாட்டில் கட்டைவிரல் அகலத்துக்குப் பளபளவென்று தேய்ந்திருந்தது. நின்ற இடத்தில் இருபது நிமிஷம் ஓடியதற்கே அவ்வளவு. ட்ராக்கில் மூன்றாவது சுற்றைத் தாண்டியிருக்காது.

"என் தப்புங்க. பிஸ்டன ஷெட்டுக்குக் கொண்டாந்து போட்டிருக்கோணும். எனக்குத் தோணல" என்றார் இவர்.

"இல்ல நாச்சி, என் தப்பு. அளந்தது நான். அங்க வெயிலே கிடையாது, யோசிக்கவே இல்ல."

என் தப்பு, என் தப்பு என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். நான் ஜூஸ் தட்டோடு நின்றேன். என் தப்பைக்கூட அவர்கள் இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். அதற்கும் எனக்கு எரிந்தது. நான் என்ன ஜென்மமோ.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவள் கேட்டாள். "வசந்தாதான். காலைல சொன்னா" என்றார். காலையில் சொன்னேன் என்பது உண்மைதான். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாரிணி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். தட்டில் ஜூஸ் தளும்பிக் கொட்டியது.

ஏப்ரல் 29, சனி

நாலு பிஸ்டனும் நாலு ஸ்லீவும் ராத்திரி ஒரே மேசையில் கிடந்தன. இரண்டாம் பிஸ்டனின் தேய்மானத்தை இவர் நேற்றே பொடி உப்புத்தாளால் இழைத்துவிட்டிருந்தார். காலை ஆறு மணிக்கு மூன்று பேரும் நின்றோம். நான் பீரோவைத் திறந்து மைக்ரோமீட்டரைக் கொண்டு வந்திருந்தேன்.

"முதல்ல நீங்க அளங்க அக்கா. நான் அப்புறம் சரிபாக்கறேன்" என்றாள் தாரிணி.

பிடித்தேன். கை சரியாகத்தான் பிடித்தது. எங்கே நிற்க வேண்டும் என்று விரலுக்குத் தெரிந்தது. கோடுகளைப் பார்த்தேன். ஒரு சாம்பல் பட்டைதான் இருந்தது. ஜன்னல் பக்கம் திருப்பினேன். தள்ளிப் பிடித்தேன். இரண்டு பேரும் காத்திருந்தார்கள். முதல் பிஸ்டனுக்கு அவள் எழுதி வைத்திருந்த நம்பர் எனக்கு மனப்பாடம். அதைச் சொன்னேன்.

தாரிணி இவரைப் பார்த்தாள். இவர் தரையைப் பார்த்தார்.

"அது ஏசி ரூம்ல எடுத்த அளவு வசந்தா. இங்க அதே வராது. நேத்து நீதான சொன்னே."

நான் மைக்ரோமீட்டரைக் கீழே வைத்தேன்.

"கண்ணாடி வாங்கோணும்" என்றார், மெதுவாக. "சூலூர் டிராக்டர்லயே எனக்குத் தெரியும். அஞ்சு தவு தப்பா இருந்துது. உன்கிட்டச் சொன்னா மனசு ஒடிஞ்சு போவியேன்னுதான் இந்தப் புள்ளய அளக்கச் சொன்னேன்."

அவ்வளவுதான் விஷயம். சட்டை, தாடி, தேங்க்ஸ் எல்லாவற்றுக்கும் நான் எத்தனை அர்த்தம் செய்துவைத்திருந்தேன்.

அப்புறம் நான் பிடிக்க, தாரிணி குனிந்து நம்பரைப் படித்தாள். பிஸ்டனும் ஸ்லீவுமாக எட்டையும் அப்படியே அளந்தோம். இவர் ஒவ்வொரு ஸ்லீவிலும் ஒரு தவுக்குக் கொஞ்சம் அதிகமாகத் தேய்த்தார். நாலு தவு, இந்தத் தடவை உண்மையான நாலு. வெயில் ஏறியதும் நிறுத்திவிட்டு, மிச்சத்தைச் சாயங்காலம் முடித்தார்கள்.

ஏப்ரல் 30, ஞாயிறு

இருபது சுற்று ஓட்டினாள். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. நான் போகவில்லை, இவர் வந்து சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

மே 2, செவ்வாய்

காந்திபுரத்தில் கண் டாக்டர். இரண்டு பாயிண்ட் பிளஸ். இவர்தான் கூட்டிக்கொண்டு போனார். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஃப்ரேம் எது வேண்டும் என்று கடைக்காரர் கேட்டபோது மட்டும், "நல்லதாக் குடுங்க" என்றார்.

மே 7, ஞாயிறு

செட்டிபாளையம். என்ன கூட்டம், என்ன வெயில். பதினொரு கார் ஓடியது. நான் எதையும் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு நம் எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவை அது தூரத்தில் தேய்ந்து திரும்பி வரும்வரை என் மூச்சு என்னிடம் இல்லை. பன்னிரண்டு தடவை.

கார் கிளம்புவதற்கு முன்னாலேயே தாரிணியிடம் சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போனேன். பதினாலாம் தேதியே எனக்குத் தெரியும் என்ற ஒரு வாக்கியம்தான். "பெல்ட் இழுங்க அக்கா" என்றாள். இழுத்தேன். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டாள்.

நாலாவதாக வந்தாள். இறங்கியதும் "நாச்சி!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து இவரைக் கட்டிப்பிடித்தாள். இவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். பத்து நாளுக்கு அப்புறம் அவர் சிரித்தது அதுதான். எரிந்தது, இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் அவள் முழுசாக நின்றாள், இரண்டு கையும் இரண்டு காலும். எரிந்துகொண்டே அழுதேன். வெயிலில் கண் கூசுகிறது என்று புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

அடுத்த வாரம் பெங்களூர் போகிறாள். சொல்லவில்லை. சொல்வேனா என்று தெரியவில்லை.

மே 9, செவ்வாய்

கண்ணாடி போட்டுக்கொண்டு இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். எத்தனை எழுத்துப் பிழை. ஜன்னலிலிருந்த பழைய பிஸ்டனை எடுத்து, பேனாக்களைக் கொட்டிவிட்டு அளந்தேன். எட்டுத் தவு தேய்ந்திருக்கிறது. மார்ச் 29ஆம் தேதிப் பக்கத்தின் ஓரத்தில் எட்டு என்று எழுதி வைத்தேன்.

ஏப்ரல் 18ஆம் தேதிப் பக்கத்தில் பிழை ஒன்றும் இல்லை. எல்லா நம்பரும் சரியாக இருந்தன.

மே 11, வியாழன்

அன்னூரிலிருந்து ஒரு லாரி எஞ்சின் வந்திருக்கிறது. நேற்று ராத்திரி இவரே ஆறு பிஸ்டனையும் ஆறு ஸ்லீவையும் மேசையில் வரிசையாக வைத்தார். காலையில் அளவு எடு என்றார். அது போதும் எனக்கு, வாசல்கூடப் பெருக்காமல் ஓடினேன்.

புது பல்பும் போட்டிருந்தார். கண்ணாடிக்குள் கோடுகள் ஒவ்வொன்றும் முடி மாதிரித் தெளிவாக நின்றன. முதல் பிஸ்டனை அளந்து நம்பரைச் சொன்னேன். சந்தேகமே இல்லாத அளவு. இவர் எழுதிக்கொள்வார் என்று அடுத்த பிஸ்டனை எடுத்தேன்.

இவர் எழுதவில்லை. கையை நீட்டினார். மைக்ரோமீட்டரைக் கேட்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கொடுத்தேன். நான் அளந்த பிஸ்டனையே எடுத்து, அந்தக் கனத்த கையால் திருகி, வெளிச்சத்தில் பிடித்து, தானே ஒரு தடவை அளந்தார். அப்புறம்தான் எழுதினார். ஆறு பிஸ்டனுக்கும் அப்படியே செய்தார், என் எதிரிலேயே.

கண் இப்போது நன்றாகத் தெரிகிறது என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். அது அவருக்கும் தெரியும்.

கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, அவருக்கு டீ போட உள்ளே போனேன்.